எரிசக்திக் கொள்கைச் சட்டம், 2005 (ஐக்கிய அமெரிக்கா)

எரிசக்திக் கொள்கைச் சட்டம், 2005 என்பது ஐக்கிய அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு கூட்டரசுச் சட்டமாகும். குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2005 ஆகஸ்ட் 8 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் இதில் கையொப்பமிட்டார். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டின் உறுப்பினர்களும் ஆதரித்ததால் இது இருகட்சி உடன்பாட்டின் வெற்றியாகப் பாராட்டப்பட்டது. அதே காரணத்தால், இத்தகைய உடன்பாடுகள் பொதுநலனுக்கு உதவுகின்றனவா என்ற ஐயத்துக்கும் இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

துணைத் தலைவர் டிக் செனி தலைமையிலான குழு 2001 மே மாதம் எரிசக்திக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த மசோதா 2003 நவம்பரில் செனட் அவையில் தடைப்பட்டது. விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன. 57 மட்டுமே கிடைத்தன. எம்.டி.பி.ஈ. என்னும் பெட்ரோல் சேர்பொருளின் உற்பத்தியாளர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் பிரிவு இத்தோல்விக்கு முக்கியக் காரணமாகும்.

2005 இல் அப்பிரிவும், அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவுயிர்ப் புகலிடத்தில் எண்ணெய் எடுக்கும் திட்டமும் கைவிடப்பட்டன. மறுபுறம், 2020 க்குள் 10% மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும் என்ற செனட்டின் விதியும் நீக்கப்பட்டது. இறுதி வடிவம் கீழவையில் 275-156 என்றும், செனட்டில் 74-26 என்றும் நிறைவேறியது.

முக்கியக் கூறுகள்

பெட்ரோலில் கலக்கும் புதுப்பிக்கத்தக்க எரிபொருளின் அளவு 2012 க்குள் ஆண்டுக்கு 750 கோடி கேலனாக உயர வேண்டும்.

புதிய அணுமின் நிலையங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் கிலோவாட்-மணிக்கு 1.8 சென்ட் வரிச்சலுகை.

புதுமையான எரிசக்தித் திட்டங்களுக்கு அரசின் கடன் உத்தரவாதம்.

சூரிய ஆற்றல் முதலீட்டுக்கு 30% வரிச்சலுகை.

நீரியல் பிளப்பு முறைக்கு, டீசல் பயன்பாடு நீங்கலாக, குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடி உட்செலுத்தல் விதிகளிலிருந்து விலக்கு.

விமர்சனங்கள்

வெள்ளை மாளிகை கேட்ட வரிச்சலுகை சுமார் 670 கோடி டாலர். நிறைவேறியதோ சுமார் 1,450 கோடி டாலர். எண்ணெய் பீப்பாய் 55 டாலருக்கு விற்கையில் அந்நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தேவையில்லை என்று புஷ் தாமே 2005 ஏப்ரலில் கூறியிருந்தார். சட்டம் கையொப்பமானபோது விலை 60 டாலரைக் கடந்திருந்தது.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்தும் வந்தது. அரசு வெற்றியாளர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்போர் மானியங்களை எதிர்த்தனர். சூழலியலாளர்கள், வாகன எரிபொருள் சிக்கனத் தரம் உயர்த்தப்படாததையும் நீரியல் பிளப்பு விலக்கையும் கண்டித்தனர். ஜான் மெக்கெய்ன், ஹிலாரி கிளின்டன் ஆகியோர் எதிர்த்தும், பராக் ஒபாமா ஆதரித்தும் வாக்களித்தனர்.

விமர்சகர்களின் வாதம் இதுவாகும்: நிலக்கரி, எண்ணெய், மக்காச்சோளம், அணுசக்தி எனத் தத்தம் மாநிலத் தொழில்களைக் காக்கும் உறுப்பினர்கள் ஒருவர் கோரிக்கையை மற்றவர் ஏற்றுக்கொள்வதால் செலவு பெருகுகிறது. ஒரு தொழிலுக்குச் சுமையாகக்கூடிய விதிகளே முதலில் விடுபடுகின்றன.

பின்விளைவுகள்

எரிபொருள் சிக்கனத் தரம் 2007 ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தாலேயே உயர்த்தப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் வோக்டில் நிலையத்தில் இரு புதிய அணு உலைகள் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியது. கடன் உத்தரவாதத் திட்டம் 2009 இல் விரிவாக்கப்பட்ட பின் 53.5 கோடி டாலர் உத்தரவாதம் பெற்ற சொலிண்ட்ரா நிறுவனம் 2011 இல் திவாலானது. எனினும் சூரிய ஆற்றல் வரிச்சலுகை பலமுறை நீட்டிக்கப்பட்டு, அத்துறையின் வளர்ச்சிக்குத் துணைநின்றது.

உடன்பாட்டை ஆதரிப்போர் பிற்கால நிகழ்வுகளைச் சுட்டுகின்றனர். 2022 ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டம் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்கும் இன்றி நிறைவேறியது. அதன் தூய எரிசக்திச் சலுகைகளில் பலவற்றை, ஜனநாயகக் கட்சியின் ஒரு வாக்கும் இன்றி நிறைவேறிய 2025 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது அல்லது குறைத்தது. ஒரு கட்சி இயற்றும் சட்டத்தை மறுகட்சி எளிதில் கலைக்கக்கூடும். இரு கட்சிகளும் இயற்றும் சட்டம் நிலைக்கக்கூடும். ஆனால் அதிலுள்ள வீண்செலவும் அதனுடனேயே நிலைக்கும் என்பதே ஐயுறுவோரின் மறுமொழியாகும்.

இவற்றையும் பார்க்க

எத்தனால் எரிபொருள்
அணுமின் நிலையம்
ஐக்கிய அமெரிக்க செனட்