மூச்சுத்தடம் முதல் தேன்கூடு வரை: பலபடிப் படலங்களில் ஒழுங்கமைவின் வரலாறு

முன்னுரை

குளிர்ந்த கண்ணாடியின்மீது ஊதினால் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து, சிறிது நேரத்தில் மறைகின்றன. இப்படிவை 'மூச்சுத்தடம்' எனலாம். மெல்லிய பலபடிப் படலத்தில் தேன்கூடு போன்ற துளைவரிசையை உருவாக்கும் முறை இந்நிகழ்விலிருந்தே பிறந்தது. நிகழ்வை நன்கறிந்திருந்தும் முறை பிறக்க நெடுங்காலம் ஆனது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகை அறிவு

1911ஆம் ஆண்டு ராலே பிரபுவும் ஜான் எய்ட்கனும் 'நேச்சர்' இதழில் மூச்சுத்தடம் குறித்து எழுதினர். கண்ணாடியில் தீச்சுடர் சென்ற வழி, மூச்சுப் படும்போது தனித்துத் தெரிவது ஏன் என்பதே அவர்தம் வினா. 1986இல் பேசென்ஸும் நோப்லரும் துளிகள் வளர்ந்து இணையும் முறையை ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளில் துளி உலர்ந்தபின் வடிவம் எஞ்சவில்லை.

மெருகுத் தொழிலிலோ வடிவத்தைத் தாங்கும் படலம் இருந்தது. ஈரக்காற்றில் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு, நீர் ஒடுங்குவதால் வெளுத்துப்போவதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். எனினும் அது நீக்கவேண்டிய குறையாகவே கருதப்பட்டது.

தேன்கூட்டுப் படலம்

1994இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் விடாவ்ஸ்கி, ராவிசோ, பிரான்சுவா ஆகியோர் இவ்விரண்டையும் இணைத்தனர். நட்சத்திர வடிவப் பாலிஸ்டைரீனைக் கார்பன் டைசல்ஃபைடில் கரைத்து, ஈரக்காற்றில் உலரவிட்டனர். கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்கிறது. காற்றின் ஈரம் துளிகளாக ஒடுங்குகிறது. துளிகளைச் சூழ்ந்து படியும் பலபடி அவை ஒன்றுகலவாமல் காக்கிறது. ஏறத்தாழ ஒரே அளவுடைய துளிகள் நெருங்கி அறுகோண வரிசையில் அமைகின்றன. இறுதியில் கரைப்பானும் நீரும் அகல, துளி இருந்த இடம் துளையாக நிற்கிறது.

2001இல் மோகன் சீனிவாசராவ் குழுவினர், காற்றின் வேகத்தை மாற்றித் துளையின் அளவை மாற்றலாம் என 'சயின்ஸ்' இதழில் காட்டினர். நீரைவிட அடர்த்தி குறைந்த கரைப்பானில் துளிகள் அமிழ்ந்து பல அடுக்குகளாகும் என்றும் விளக்கினர்.

முடிவுரை

இவ்வரலாற்றில் நிகழ்வும் பொருளும் முன்னரே இருந்தன. இயற்பியலாரிடம் துளி பற்றிய அறிவு இருந்தது. தடத்தைத் தாங்கும் படலம் இல்லை. மெருகுத் தொழிலில் படலம் இருந்தது. அதன் குறையில் ஒழுங்கைத் தேடும் நோக்கம் இல்லை. இரண்டும் ஒரே ஆய்வில் சந்தித்தபோது, செதுக்கவோ அகற்றவோ வேண்டாத, தானே அமைந்து தானே மறையும் ஓர் அச்சாக நீர் பயன்பட்டது. எனவே 1994ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பைப் புதிய நிகழ்வொன்றின் தொடக்கமாகக் கொள்வதினும், பிரிந்துகிடந்த இரு அறிவுகளின் இணைப்பாகக் கொள்வதே பொருத்தமுடையது.