பொறியும் மூச்சும்

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால், அதைச் செலுத்தி வந்தவர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழும். பொறி வருகின்றதா? வளியும் பெற்றோலும் அளவாகக் கலந்து உள்ளே செல்கின்றனவா? நூறாண்டுகளுக்கு மேலாக இந்த வினாக்கள் மாறவில்லை. தமிழிலே பொறி என்னும் சொல் நெருப்புத் துளியையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒன்றையொன்று பிரியாதவை. நெருப்புப் பொறி இல்லையேல் இயந்திரப் பொறி வெறும் இரும்பு. அப்பொறியைச் சீர்செய்யவும், எஞ்சினுக்கு நல்ல மூச்சைக் கொடுக்கவும் மனிதர் செய்த முயற்சிகளுட் பல, பெருந்தொழிற்சாலைகளில் அன்றி வீட்டுத் தோட்டத்திலும் கொட்டிலிலும் கொல்லைப்புறப் பட்டறையிலுமே தொடங்கின.

எஞ்சின் வேலைசெய்யும் முறையை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். உருளையினுள்ளே முசலம் கீழிறங்கும்போது பெற்றோல் ஆவி கலந்த வளி உறிஞ்சப்படுகின்றது. முசலம் மேலேறும்போது அக்கலவை அமுக்கப்படுகின்றது. உரிய கணத்தில் ஒரு மின்பொறி பாய, கலவை எரிந்து விரிந்து முசலத்தைக் கீழே தள்ளுகின்றது. எரிந்த புகை வெளியேற, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகின்றது. நிமிடத்துக்கு 4000 முறை சுழலும் நான்கடிப்பு எஞ்சினில், ஓர் உருளைக்கு நிமிடமொன்றுக்கு 2000 பொறிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் முந்தவோ பிந்தவோ கூடாது. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு வளி வேண்டும். வளி மிக இலேசானதாதலின், ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 9000 லீற்றர் வளி செலவாகின்றது. பெற்றோலை விலை கொடுத்து வாங்குவோர், எஞ்சின் பெரிதும் உண்பது விலையில்லாத வளியையே என்பதை மறந்துவிடுவர்.

1885 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில், கொட்லீப் டைம்லர் என்பவரும் அவருடைய துணைவரான வில்ஹெல்ம் மேபாக் என்பவரும் பெற்றோல் எஞ்சின் பூட்டிய முதலாவது இருசில்லு வண்டியை உருவாக்கினர். அவர்களுடைய பட்டறை, டைம்லரின் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கண்ணாடிக் கூடமே. இரவு பகலாக அங்கிருந்து எழுந்த உலோக ஓசையைக் கேட்டு, உள்ளே கள்ள நாணயம் அடிக்கின்றார்கள் என்று ஐயுற்ற தோட்டக்காரர் பொலிசாருக்கு அறிவித்தார் என்றும், சோதனையிட வந்தவர்கள் எஞ்சின்களையன்றி வேறெதையும் காணவில்லை என்றும் கூறுவர்.

மரச்சட்டத்தில் அமைந்த அவ்வண்டியின் வலு அரைக் குதிரைவலு மாத்திரமே. அதில் மின்பொறி கிடையாது. உருளையோடு இணைந்த சிறு குழாயொன்றை வெளியே எரிந்த சுவாலை ஒன்று சிவக்கக் காய்ச்சிக்கொண்டிருக்கும். அமுக்கப்பட்ட கலவை அச்சூட்டிலே பற்றிக்கொள்ளும். எரியும் சுவாலைக்கு மேலேயே இருக்கை அமைந்திருந்தது. டைம்லரின் மகன் அவ்வண்டியிற் சென்றபோது இருக்கையிலே தீப் பற்றியது என்பது இன்றும் சொல்லப்படும் கதை. ஆயின் சூட்டுக் குழாயின் பெருங்குறை அதுவன்று. எக்கணத்தில் எரிய வேண்டுமென்று அதற்குக் கட்டளையிட இயலாது. எஞ்சினின் வேகம் உயரவேண்டுமாயின், தீ மூட்டும் கணம் மனிதனின் ஆணைக்கு உட்பட வேண்டியிருந்தது.

அவ்வாணையைக் கைக்கொள்ளும் வழியை மின்சாரம் காட்டிற்று. 1895 ஆம் ஆண்டளவில் பிரான்சிலே ஜோர்ஜ் பூட்டன் என்னும் பொறிவல்லுநர், டி டியோன்-பூட்டன் முச்சில்லு வண்டியின் எஞ்சினுக்குப் பற்றறியும் தூண்டற் சுருளும் கொண்ட மின்பொறி முறையை அமைத்தார். சுழலும் சிறு நெம்புருள் ஒன்று தொடுமுனைகளைத் திறந்து மூட, உரிய கணத்தில் மட்டும் பொறி பாய்ந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கும் மேலாகச் சுழன்றது.

வேகம் வந்தது, அதனோடு புதிய தொல்லைகளும் வந்தன. அக்காலத்துப் பற்றறி வழியிலே தீர்ந்துவிடும். மறுபடி மின்னேற்ற எல்லா ஊர்களிலும் வசதி இல்லை. கம்பிகளை மூடியிருந்த இறப்பர்க் காவலி வெடிக்கும்; மழைநீர் புகுந்தால் பொறி வழிதவறி வண்டிச் சட்டத்துக்குப் பாயும். தொடுமுனைகள் தீய்ந்து குழிவிழும். ஊருக்கு ஊர் கராஜ் இல்லாத காலமாதலின், வண்டி வைத்திருந்தவரே அதன் வைத்தியராகவும் இருக்க வேண்டியிருந்தது. பிளக்கைக் கழற்றி, கம்பியோடு சேர்த்து உருளையின் தலைமேல் வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பொறி தெறிக்கின்றதா என்று பார்க்கும் எளிய சோதனை அந்தத் தேவையிலே பிறந்தது.

பற்றறியே வேண்டாத வழியொன்றும் இருந்தது. 1886 இல் ஸ்ருட்காட்டிற் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கிய ரொபேட் பொஷ் என்பவர், ஓரிடத்தில் நின்று வேலைசெய்யும் எஞ்சின்களுக்கு மக்னீற்றோக்களைச் செய்துவந்தார். மக்னீற்றோ என்பது காந்தத்தின் துணையால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே பிறப்பித்துக்கொள்ளும் கருவி. 1897 இல் பிரெடெரிக் சிம்ஸ் என்னும் ஆங்கிலேயருக்காக, டி டியோன் முச்சில்லு வண்டி ஒன்றின் வேகமான எஞ்சினுக்கு அதனைப் பொருத்தும் பணி அவரிடம் வந்தது. அவருடைய பட்டறையைச் சேர்ந்த ஆர்னோல்ட் சேரிங்கர், பாரமான சுருளை அசைக்காது அதனைச் சூழ்ந்த இலேசான உறையை மட்டும் அசைக்கும் வழியைக் கண்டார். 1902 இல் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்குரிய பிளக்கையும் அமைத்தார். மோட்டார் சைக்கிளுக்கு அது பெரும் விடுதலை. பற்றறி தீர்ந்து வழியில் நிற்கும் துயர் நீங்கிற்று.

ஆயினும் சிறு பொருளொன்றிலே ஒரு நாட்டின் கதியே தங்கிவிடக்கூடும் என்பதை 1914 இல் மூண்ட போர் காட்டியது. அதுவரை பிரித்தானியா தனக்கு வேண்டிய மக்னீற்றோக்களிற் பெரும்பகுதியை ஜேர்மனியிலிருந்தே பெற்றுவந்தது. போர் தொடங்கியதும் வரவு நின்றது. விமானங்களும், பார ஊர்திகளும், செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள்களும் பொறியின்றி நிற்கும் நிலை எதிர்ப்பட்டது. பிரித்தானியத் தொழிலகங்கள் இரவுபகலாக முயன்றே அக்குறையை நிரப்பின.

இதற்கிடையில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் மற்றொரு வீட்டுப் பட்டறை விளக்கேற்றியிருந்தது. பகலிலே காசுப்பதிவு இயந்திரத் தொழிலகத்திற் பணிபுரிந்த சார்ள்ஸ் கெற்றரிங், மாலை வேளைகளில் எட்வேட் டீட்ஸ் என்னும் நண்பரின் வீட்டுக் கொட்டிலிலே தோழர் சிலருடன் கூடி, பற்றறி முறையைச் செம்மைப்படுத்தினார். அங்கு உருவான பொறிமுறை கடிலாக் மோட்டார் வண்டியில் இடம்பெற்றது. மின்னாற் புறப்படும் முறையும் 1912 இல் அவ்வண்டியிலேயே வந்தது. ஓடும்போதே பற்றறியை மின்னேற்றும் டைனமோவும் சேர்ந்துகொள்ள, நாளடைவில் மோட்டார் சைக்கிள்களும் இம்முறையைத் தழுவின.

அதனால் கம்பிகள் பெருகின. பற்றறியிலிருந்து சாவிக்கும், சாவியிலிருந்து சுருளுக்கும், சுருளிலிருந்து தொடுமுனைக்குமாக மின்னோட்டம் நடந்து, வண்டியின் இரும்புச் சட்டத்தின் வழியே பற்றறிக்குத் திரும்புகின்றது. இத்திரும்பும் வழியைக் கண் காண்பதில்லை. புவித்தொடுப்பு எனப்படும் அவ்விடத்திற் சிறிது துருவோ வண்ணப்பூச்சோ இருப்பினும் பொறி நலிந்துவிடும். புதுச் சுருளும் புதுப் பிளக்கும் வாங்கிப் பூட்டியும் நோய் தீராத வண்டிகள் பல, அந்த ஓர் ஆணியைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கியதும் உயிர்பெற்றன. கருத்தோடு பழுதுபார்ப்போர் பற்றறியிலிருந்து ஒவ்வொரு தொடுப்பாகச் சோதித்துச் செல்வர். ஊகித்து ஒன்றை மாற்றமாட்டார்.

இனி மூச்சின் கதை. தொடக்க காலத்துக் காபரேற்றரிலே பெற்றோலின் மேற்பரப்பை உரசிச் செல்லும் வளி, ஆவியை அள்ளிச் செல்லும். வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்பக் கலவை மாறிக்கொண்டேயிருந்தது. 1893 இல் மேபாக், நுண்ணிய துளையொன்றின் வழியே பெற்றோலை வளியோட்டத்திற் சீறச் செய்யும் காபரேற்றரை அமைத்தார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டினரான பங்கி, சொங்கா ஆகியோரும் அத்தகைய கருவியை ஆக்கினர். பெற்றோலைத் தேக்கிவைக்கும் சிறு அறையில் ஒரு மிதவை இருந்து, அளவு குறைந்தால் வாயிலைத் திறக்கும்; நிறைந்தால் மூடும். பிற்காலத்தில் துளைகளையும் ஊசியையும் எளிதில் மாற்றத்தக்க காபரேற்றர்கள் பரவியபோது, எஞ்சினின் மூச்சு வீட்டிலிருப்பவர் கைக்கும் எட்டியது.

வளி செல்லும் வழியிலுள்ள கரடுகளை அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்குதல், இணைப்புத் தகட்டின் துளையும் குழாயின் துளையும் பிசகின்றிப் பொருந்தச் செய்தல், வளி நுழையும் வாயை எக்காளம் போல விரித்தல் என்பன அவர்கள் கண்ட வழிகள். விடுமுறை நாட்களில் இதனையே தவமாகச் செய்தோர் பலர். வாய் பெரிதானால் வலு பெரிதாகும் என்று எண்ணி ஏமாந்தோரும் பலர். வழி அளவுக்கு மேல் அகன்றால் வளியின் ஓட்டம் தளரும். தளர்ந்த வளி பெற்றோலைச் சரிவர இழுக்காது. பிளக்கின் முனை கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. வெளுத்திருந்தால் வளி மிகுதி. மங்கிய கபில நிறமாயிருந்தால் அளவு சரி. தேவைக்கு ஏற்ற அளவே நன்மை தரும் என்பது அவர்கள் கை கருகிக் கற்ற பாடம்.

இப்பாடத்தைக் கற்ற கைகளுள் ஒன்று பியற்றிஸ் ஷில்லிங் என்னும் ஆங்கிலப் பெண்ணுடையது. 1909 இற் பிறந்த அவர் 14 ஆவது வயதிலேயே ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டிப் பழகினார். பெண்கள் பொறியியலை நாடுவது அரிதாயிருந்த அக்காலத்தில், மார்கிரற் பார்ட்ரிஜ் என்னும் பெண் மின்பொறியியலாளரிடம் சேர்ந்து, வீடுகளுக்கு மின்கம்பி அமைக்கும் வேலையைச் செய்தார். பின்னர் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்று 1932 இற் பட்டம் பெற்றார். 1934 இல் புறூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில், தம் கைப்படச் சீர்செய்த நோட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்திற் சுற்றிவந்து தங்க நட்சத்திரம் பெற்றார். அங்கு அப்பெருமையைப் பெற்ற பெண்கள் மூவரே. 1936 இல் பார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார்.

1940 இல் பிரித்தானிய வான்வெளியிலே போர் நிகழ்ந்தபோது, ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் எஞ்சின்கள் மிதவைக் காபரேற்றர் கொண்டவையாய் இருந்தன. பகைவரின் எஞ்சின்களோ பெற்றோலை நேரே உருளையினுட் பாய்ச்சும் அமைப்புடையவை. துரத்தப்பட்ட ஜேர்மன் விமானி மூக்கைச் சட்டெனத் தாழ்த்திக் கீழே பாய்வான். பிரித்தானிய விமானி அவ்வாறே தாழ்த்தினால், மிதவை அறையிலுள்ள பெற்றோல் மேலே எறியப்பட்டு, எஞ்சின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். உடனே மிதவை நிலைகெட்டு வாயிலை முழுதும் திறந்துவிட, பம்பி வெள்ளமாகப் பெற்றோலைக் கொட்டும். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். உயிர் தப்புவதும் தப்பாததும் அந்தச் சில விநாடிகளில் இருந்தது.

காபரேற்றரை முற்றாக மாற்றியமைக்கக் காலம் போதாது. ஷில்லிங் கண்ட மாற்றோ தையற்காரரின் விரலுறை போன்ற சிறிய பித்தளைத் துண்டு. அதன் நடுவே, எஞ்சின் தன் முழு வலுவில் உண்ணக்கூடிய பெற்றோலை மட்டும் செல்லவிடும் துளை. அதற்கு மேல் ஒரு துளியும் புகாது. பின்னர் அது வெறும் தட்டையான வளையமாகவே எளிதாக்கப்பட்டது. விமானத்தைச் சேவையிலிருந்து விலக்காமலே அதனைப் பூட்ட முடிந்தது. 1941 இன் தொடக்கத்தில் ஷில்லிங்கும் அவர்தம் சிறு குழுவினரும் விமானத் தளங்கள் தோறும் சென்று அதனைப் பூட்டினர். அப்பயணங்களில் அவர் ஏறிச் சென்றது, முன்னாளிற் பந்தயம் ஓடிய அதே நோட்டன் மோட்டார் சைக்கிள்.

அவ்வளையம் முழுத் தீர்வன்று. முதற்கணப் பட்டினியை அது முற்றாக நீக்கவில்லை. தலைகீழாக நெடுநேரம் பறக்கவும் அது உதவாது. 1943 அளவில் மிதவையில்லாத அமுக்கக் காபரேற்றர் வரும்வரை காலத்தைக் கடத்தியது அது. ஆயின் அக்காலமே விமானிகளுக்கு வேண்டியிருந்தது.

இன்று புதிய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் தொடுமுனைகள் இல்லை. பொறியின் கணத்தை இலத்திரன் கருவி கணிக்கின்றது. காபரேற்றர் இருந்த இடத்தில் பெற்றோலைச் சீறும் ஊசிமுனை இருக்கின்றது. ஆயினும் தளர்ந்த புவித்தொடுப்பு அவற்றையும் நிறுத்திவிடும்; தூசியடைந்த வளி வடிகட்டி அவற்றையும் திணறச் செய்யும். வீட்டு முற்றத்தில் ஓர் இளைஞனோ யுவதியோ பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பதை வீண்பொழுது என்று பெரியோர் கடிந்துகொள்வதுண்டு. கான்ஸ்டாட் தோட்டக்காரர் ஐயுற்றதும் அத்தகைய ஓசையைக் கேட்டே.