ஜோடி பார்க்கும் கண்: கரிசல் நிலத்து மாட்டுவண்டிப் பந்தயம்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்களிலும், அவற்றை ஒட்டிய கமுதி, விளாத்திகுளம் பகுதிகளிலும் கோயில் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டி நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயம், ஊர் எல்லையில் புறப்பட்டுச் சில மைல் தொலைவில் நடப்பட்ட கொடியைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே முடியும் நெடுந்தூர ஓட்டமாகும். எந்த ஜோடி முந்தும் என்பதை ஓட்டம் தொடங்குமுன் கணித்துச் சொல்வது இப்பந்தயத்தைச் சூழ்ந்த பழைய கலை. அந்தக் கணிப்புக்கு அடிப்படையான மாட்டறிவு பந்தயச் சாலையில் பிறந்ததன்று. இந்த வறண்ட நிலத்தின் வண்டி வாணிகத்தில் பிறந்து, அவ்வாணிகம் ஓய்ந்த பின் பந்தயத்தில் அடைக்கலம் புகுந்தது எனக் கொள்வதற்கு நிலத்தின் வரலாறே இடம் தருகிறது.

விருதுபட்டி என்று வழங்கி 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறிய ஊரும், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகியவையும் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர்களின் சந்தை ஊர்களாக வளர்ந்தவை. பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் சரக்கு கொண்டு சென்ற அவர்கள், வழிப்பறிக்கு அஞ்சி, வண்டிகளையும் காளைகளையும் இரவில் பாதுகாப்பாக நிறுத்துவதற்கு ‘பேட்டை’ எனப்பட்ட மதில் சூழ்ந்த வளாகங்களை அமைத்தனர்; அவற்றைப் பேணுவதற்குச் சரக்கின் அளவுக்கேற்ப ‘மகமை’ என்ற பொதுநிதியைத் தங்களுக்குள் தண்டிக்கொண்டனர். 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது விருதுபட்டியும் சாத்தூரும் ரயில் நிலையங்களைப் பெற்றன. சிவகாசிக்கோ 1927 வரை ரயில் வரவில்லை. 1923இல், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய அந்த முதற்சில ஆண்டுகளில், ரயிலடிக்கும் பட்டறைக்கும் இடையே சரக்கை இழுத்தவை காளைகளே. தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் மருந்தையும் மூலதனத்தையும் பேசுமளவுக்கு இந்தக் காளைகளைப் பேசுவதில்லை என்பது ஒரு குறையே.

பாரம் இழுக்கும் மாட்டைத் தவறாக மதித்து வாங்கியவன் வழியிலேயே சரக்கோடு நிற்க நேரும். ஆகவே மாட்டைப் பார்க்கும் கண், வண்டிக்காரருக்கும் கரிசல் உழவருக்கும் பிழைப்போடு ஒட்டிய தேவையாக இருந்தது. கழுகுமலை போன்ற ஊர்களின் மாட்டுத்தாவணிகளில், அதாவது திருவிழாவை ஒட்டிக் கூடும் பெருஞ்சந்தைகளில், தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து மறைவாக விலை பேசுவதற்கு முன், வாங்குபவர் மாட்டின் கீழ்த்தாடையைத் திறந்து பல் பார்ப்பார். கன்றின் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைப்பதால் ‘பல் போடாதது’, ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘ஆறு பல்’ என்று வயது கணக்கிடப்பட்டது; ஏறத்தாழ இரண்டரை வயதில் முதல் ஜோடியும், நான்கு அல்லது ஐந்து வயதுக்குள் எட்டுப் பற்களும் வந்துவிடும். தோலில் மயிர் சுழன்று நிற்கும் இடங்களைக் கொண்டு நல்லது கெட்டது கூறும் சுழி சாத்திரமும் இதனோடு சேர்ந்தே நடந்தது. பல்லுக்குரிய அளவுக்கு உறுதியான அடிப்படை சுழிக்கு இல்லை என்றாலும், உடலின் ஒவ்வோர் இடத்தையும் கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை அது வளர்த்தது.

பந்தயத்தில் இந்த மதிப்பீடு முதலில் வகைப்பாடாக வெளிப்படுகிறது. காளைகள் உருவத்தையும் வயதையும் ஒட்டிப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்றும், அவற்றிலும் சிறியவை பூஞ்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான் என்றும் பிரிக்கப்படுகின்றன. பறவைப் பெயர்களை ஏற்ற இந்தச் சிறு வகைகளின் பெயரிலேயே வேகத்தைக் கண்டு மகிழ்ந்த மனம் தெரிகிறது. பெரிய மாட்டுக்குப் போய்வர எட்டு மைல் என்றால் சின்ன மாட்டுக்கு ஆறு மைல் என்பதுபோல வகைக்கேற்பத் தொலைவு குறையும். அளவை முறை கிலோமீட்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் பந்தயத்தின் மொழி மைலை விடவில்லை. ஒரு வகையில் ஜோடிகள் மிகுதியாக வந்துவிட்டால், சாலையின் அகலம் கருதி இரண்டு சுற்றுகளாகப் பிரித்து ஓட்டுவர்.

கொங்கு நாட்டு ரேக்ளா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே காங்கேயம் காளைகள் 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுந்தொலைவை நேர்கோட்டில் பாய்ந்து கடக்க, கடிகாரமே வெற்றியை முடிவு செய்கிறது. தென்பகுதிப் பந்தயத்துக்கு ஒப்பு தேடினால், அயர்லாந்தில் பிறந்த தடை தாண்டும் குதிரைப் பந்தயம் நினைவுக்கு வரும். 1752இல் கார்க் மாவட்டத்தில் பட்டிவண்ட் தேவாலயத்திலிருந்து டோனரைல் தேவாலயக் கோபுரத்தைக் குறியாக வைத்து இருவர் வேலிகளையும் வாய்க்கால்களையும் தாண்டிக் குதிரை விட்டதே அதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் ஏன்ட்ரியில் 1839 முதல் எண்ணப்படும் கிராண்ட் நேஷனல் அதன் பெருவடிவம். ஊரின் நிலத்தையே களமாகக் கொண்டதும், பாய்ச்சலைவிடத் தாக்குப்பிடிக்கும் ஆற்றலைச் சோதிப்பதும் இரண்டுக்கும் பொது. அங்கே வேலி செய்யும் சோதனையை இங்கே கொடி செய்கிறது.

கொடியைச் சுற்றும்போது உட்புறத்துக் காளை ஏறக்குறைய நின்ற இடத்தில் திரும்ப, வெளிப்புறத்துக் காளை பெரிய வட்டம் அடித்து ஓட வேண்டும். வலப்பக்கம் திரும்பும் பந்தயத்தில் வலத்து மாடு அடங்கவும் இடத்து மாடு எட்டிப் போடவும் பழகியிராவிட்டால், போகும்போது பெற்ற முன்னிலை ஒரே திருப்பத்தில் போய்விடும். முதலில் கொடியை எட்டும் வண்டிக்குத் தனியே ‘கொடிப் பரிசு’ வழங்கப்படுவதும், அதைப் பெற்ற ஜோடியே இறுதிப் பரிசையும் பெறும் என்று எவரும் உறுதி கூறாததும் இதனால்தான். ஆகவே வெல்லும் ஜோடியைச் சொல்ல முனைபவர் தனி மாட்டைப் பார்ப்பதோடு நிற்க முடியாது. இரண்டின் காலடி நீளமும் ஒத்திருக்கிறதா என்பதே முதற்கேள்வி. ஒத்திராவிட்டால் நுகத்தடி ஒருபுறம் சாய்ந்து, வலிய மாடு மெலிய மாட்டையும் சேர்த்து இழுக்க நேரும். இரு வேறு ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காளையைத் தந்து ஒரே வண்டியில் பூட்டும் வழக்கம் இங்கே உண்டு என்பதால், தனித்தனியே பேர்பெற்ற இரண்டு காளைகள் சேர்ந்தும் தோற்பதுண்டு.

அதன் பின்னரே நெஞ்சின் அகலம், குளம்பின் இறுக்கம், மூச்சு அடங்க எடுக்கும் நேரம் ஆகியவை எண்ணப்படும். பருத்தி விளையும் கரிசலில் எளிதில் கிடைத்த பருத்திக்கொட்டையும் உளுந்தும் கொடுத்து வளர்த்து, நீச்சலும் நடையும் பழக்கிய விதமும் கணக்கில் சேரும். மூக்கணாங்கயிற்றோடு இணைந்த தலைக்கயிற்றைப் பிடிக்கும் சாரதி, தேவைப்படும் இடத்தில் குதித்து மாட்டோடு ஓடி மீண்டும் ஏறிக்கொள்ளும் துணைச்சாரதி ஆகிய இருவரின் பெயரும் காளைகளின் பெயருக்கு இணையாகவே பேசப்படும்.

இத்தகைய மதிப்பீடு அறிவா, வெறும் அதிர்ஷ்டமா என்ற கேள்வியைச் சென்னைக் கிண்டியின் குதிரைப் பந்தயம் நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. குதிரைப் பந்தயத்தைச் சூதாக வரையறுத்துத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டங்கள் குறித்த வழக்கில், குதிரையின் வம்சாவளி, பயிற்சி, ஓட்டுபவரின் திறன் முதலியவற்றை ஆராய்ந்து வெற்றியைக் கணிப்பது திறன் சார்ந்தது என 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காளைகளின் வழக்கு வேறு திசையில் நடந்தது. 2006இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர் ஒன்றில் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த மனுவே, ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடுத்த முதல் தீர்ப்புக்கு வித்தாயிற்று. அத்தடை மறு ஆண்டு மேல்முறையீட்டில் நீங்கியது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது, காளை பாரம் இழுக்கும் விலங்கென்றும், குதிரையைப்போல் ஓடுவதற்கு ஏற்ற உடலமைப்பு அதற்கு இல்லை என்றும் காரணம் கூறியது. சாட்டையாலும் தார்க்குச்சியாலும் விளைந்த துன்பங்களை நோக்க அக்கண்டிப்பில் நியாயம் இருந்தது. தார்க்குச்சி என்பது நுனியில் ஆணி பொருத்திய கோல் என்பதை அறிந்தவர் அதை மறுக்க மாட்டார்.

ஜல்லிக்கட்டு கோரி நடந்த 2017 ஜனவரிப் போராட்டங்களுக்கும் அவற்றைத் தொடர்ந்த சட்டத்திருத்தத்துக்கும் பின் பந்தயங்கள் மீண்டும் சாலைக்கு வந்தன. அத்திருத்தத்தை 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஏற்றது. இதற்கிடையே பேட்டைகளில் வண்டிகளின் இடத்தை லாரிகள் எடுத்துக்கொண்டன. உழவு டிராக்டருக்குப் போயிற்று. பல் பார்த்து, நடை பார்த்து, ஜோடி சேர்க்கும் தேவை இன்று கரிசல் ஊர்களில் பெரும்பாலும் பந்தய மாடு வளர்ப்போருக்கே எஞ்சியிருக்கிறது. பூஞ்சிட்டு ஓட்டத்துக்குக் கன்று தேடுகிறவர், அன்று வண்டிக்காரர் தாவணியில் செய்ததுபோலவே, இன்றும் முதலில் அதன் கீழ்த்தாடையைத்தான் திறந்து பார்க்கிறார்.