பாட்ரிக் லயனின் உலைக்களம்

1826ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து ஓவியர் ஜான் நீகிலிடம் தம் உருவத்தைத் தீட்டித் தருமாறு கேட்டுவந்த பாட்ரிக் லயன், தீயணைப்பு இயந்திரங்கள் செய்து செல்வந்தராகிவிட்டவர். ஆயினும் தம்மைக் கனவானாகக் காட்டலாகாதென்றும், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உலைக்களத்தில் நிற்கும் கொல்லனாகவே எழுதவேண்டுமென்றும் அவர் விதித்த நிபந்தனை ஓவியருக்கே புதுமையாக இருந்திருக்கும். ஆளுயரச் சித்திரம் என்பது பெரும்பாலும் ராஜ்யத் தலைவர்களுக்கும் தளபதிகளுக்கும் உரிய மரியாதையாக இருந்த காலம் அது.

ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் பட்டடைமேல் சுத்தியலைப் பற்றி, இடுப்பில் தோலைக் கட்டிக்கொண்டு, பின்னால் துருத்தியருகே பணிப்பையன் நிற்க, லயன் நம்மை நேரே நோக்குகிறார்; கரிப்புகை நடுவே அவருடைய வெண்சட்டை மாசின்றி மின்னுவதும், சப்பாத்துகளில் கொக்கிகள் பளபளப்பதும், இவர் அன்றாடக் கூலிக்கு உழைப்பவரல்லர் என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகின்றன. ஓரத்தில் பிதகோரஸின் தேற்றத்துக்குரிய வரைபடம் ஒன்று; கொல்லனுக்குக் கணிதமும் தெரியும் என்ற அபிமானம் போலும். என் கண் போய் நிற்பதோ ஜன்னலில்தான்: அதன் வழியே தெரிவது வால்நட் தெருச் சிறைச்சாலையின் உச்சிக் கோபுரம்.

1798இல், மஞ்சள் ஜுரத்துக்கு அஞ்சி ஊரே காலியாகிக்கொண்டிருந்த வேளையில், பென்சில்வேனியா வங்கியின் பெட்டக அறைக்குப் பூட்டமைத்துக் கொடுத்திருந்த லயன், தம் பணிப்பையனோடு டெலவேரிலுள்ள லூயிஸ் என்னும் கடற்கரையூருக்குச் சென்றார். பையன் அங்கே ஜுரத்துக்குப் பலியானான். இங்கோ வங்கியில் 1,62,821 டாலர் களவுபோக, பூட்டைச் செய்தவனே திறந்திருக்க வேண்டுமென்ற சந்தேகம் எழுந்தது. செய்தி செவிக்கெட்டியதும், குற்றமற்றவன் என்ற துணிவில் தாமாகவே திரும்பிவந்தவரைப் பிடித்து அந்த வால்நட் தெருச் சிறையில்தான் அடைத்தார்கள். உண்மைத் திருடனான ஐசக் டேவிஸ், திருடிய பணத்தை அதே வங்கியில் கொண்டுபோய்ப் போட்டு அகப்பட்டான், அப்படியொரு புத்திசாலி! அதன் பின்னரும் லயனுக்கு உடனே விடுதலையில்லை. மூன்று மாதச் சிறைவாசத்தைப் புத்தகமாக வெளியிட்டு, வழக்காடி, 1805இல் 12,000 டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்புப் பெற்று, கடைசியில் 9,000க்கு இணங்கினார். கனவான்கள் தம்மை நடத்திய விதத்தை அறிந்தவருக்குக் கனவான் வேஷத்தில் என்ன ஆசை இருக்க முடியும்?

நீகில் லயனை எழுதி அரை நூற்றாண்டுக்குப் பின், 1877இல் ஓவியர் ஜான் பெர்குசன் வீயர் முடித்த படத்திலோ, கப்பலுக்கான ராட்சதச் சுழல்தண்டைத் தழலொளியில் ஒரு கூட்டமே சேர்ந்து உருவாக்குகிறது. பெயர் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. இதன் முதற்படம் 1869இல் தீக்கிரையானதால் அவர் மறுபடியும் எழுத நேர்ந்தது. நீகிலும் லயனை இரண்டாம் முறை எழுதினார், லயன் இறந்த 1829இல். அப்போதும் ஜன்னலில் அந்தச் சிறையை அவர் விட்டுவிடவில்லை.