ஏர் உழுத ராணுவ ஜீப்



கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய ஆயில் என்ஜினை என்ன செய்வோம்? காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவோம், இல்லீங்களா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிலர் கைக்காசைப் போட்டு, லீவு நாளெல்லாம் கிரீஸிலே புரண்டு, இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை மறுபடி ஓட வைக்கிறார்கள். வேலையற்ற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஜீப்பின் கதையில் பாதி உழவர் கதை.

1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று கேட்டது. பான்டம் என்ற சிறிய கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர்கள் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். விதைத்தது ஒருவர், அறுத்தது வேறொருவர்! 1945-க்குள் அவை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின.

போர் முடிந்து மிஞ்சியவை விற்பனைக்கு வந்தபோது விவசாயிகளும் வாங்கினார்கள். கலப்பையைப் பூட்டிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. 60 குதிரைசக்தி இருந்தும், அது வேகமாக ஓடுவதற்குச் செய்த வண்டி; மெள்ள நகர்ந்து பாரம் இழுப்பதற்கு அல்ல. கியர் பாக்ஸ் திணறியது. அதனால்தான் வில்லிஸ் கம்பெனி 1945-இல் விவசாயிகளுக்கென்று விட்ட ஜீப்பில் பலமான கியர் பாக்ஸ் வைத்தது. அச்சின் பல் விகிதத்தையும் 4.88-லிருந்து 5.38 ஆக்கியது. வேகம் குறைந்தது, இழுவை கூடியது. டிராக்டரில் உள்ளதுபோல் பி.டி.ஓ. தண்டும் பொருத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி என்ஜினியர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் இப்படியொரு ராணுவ ஜீப்பைத்தான் ஓட்டினார். அது தேய்ந்துபோனால் மாற்று வண்டி ஏது? அந்தக் கவலையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1947-இல் ஜீப்பின் சட்டத்தின் மேலேயே மாதிரி வண்டி கட்டினார்கள். ஸ்டியரிங் டிராக்டர்போல் நடுவிலே! 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது.

சரி, பழுது பார்ப்பவர்களிடம் வருவோம். ஃபோர்டு கம்பெனி தன் போல்ட்டுத் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்திருந்தது. ஃபோர்டு ஜீப் வைத்திருப்பவர் அந்த எழுத்துள்ள போல்ட்டைத் தேடி ஊர் ஊராக அலைவார். முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ்.

இன்னொரு கட்சி உண்டு. 6 வோல்ட் மின்சாரத்தை 12 ஆக்குவார்கள். அதே விளக்குக்குப் பாதி கரண்ட் போதும், ஒயர் சூடாகாது. பழைய கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, விவசாய ஜீப்புக்கென்று வந்த அதே கியர் பாக்ஸை மாட்டுவார்கள். அசல் கெட்டது என்று முதல் கட்சி சண்டைக்கு வரும். நான் இரண்டாம் கட்சி. ஓடாத வண்டி எதற்கு?

ஒன்றுதான் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பல ஜீப்புகள் பண்ணைக் கொட்டகையிலிருந்துதான் கிடைக்கின்றன. பின்சட்டத்தில் கலப்பை மாட்டத் துளை போட்டிருப்பார் அந்த விவசாயி. இரண்டு கட்சிக்காரர்களும் அதை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, ராணுவப் பச்சை பூசிவிடுகிறார்கள். போரில் ஓடியது சில வருஷம், வயலில் உழைத்தது அதைவிட அதிகம். அதில் ஒரு துளையையாவது விட்டு வைக்கலாம்.