புளோரியானாத் தீவில் விட்மர் தம்பதியர்

ஹைன்ஸ் விட்மர், மார்கரெட் விட்மர் இருவரும் 1932 ஆகஸ்டு மாதம் பசிபிக் பெருங்கடலில் உள்ள புளோரியானாத் தீவில் குடியேறிய ஜெர்மானியத் தம்பதியர். ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில், தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது புளோரியானா. பரப்பளவு சுமார் 173 சதுர கி.மீ. 1930களில் இத்தீவில் நடந்த மர்மச் சாவுகளைப் பற்றிப் புத்தகங்களும் படங்களும் வந்துள்ளன. 2024இல் ஹாலிவுட் இயக்குநர் ரான் ஹோவர்டு எடுத்த 'ஈடன்' படமும் இக்கதையே. அந்தப் பரபரப்பில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: அன்று அங்கே வாழ வந்த மூன்று குழுவினரில் நிலைத்து நின்றது விட்மர் குடும்பம் மட்டுமே. அது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீவின் முன்கதை

புளோரியானா ஆளே கால் வைக்காத தீவு அல்ல. அங்கு வர முயன்று தோற்றவர்கள் பலர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்ரிக் வாட்கின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் தனியாக அங்கு வாழ்ந்து, காய்கறி விளைவித்து, வந்து போகும் கப்பல்களுக்குக் கொடுத்துச் சாராயம் வாங்கிக் குடித்தார். 1832இல் ஈக்வடார் தீவுகளைத் தனதாக்கிக்கொண்டதும், ஹோசே வில்லமில் என்பவர் தலைமையில் நாடு கடத்தப்பட்டோர் இங்கு அனுப்பப்பட்டனர். 1835இல் டார்வின் வந்தபோது இருநூறு முந்நூறு பேர் மேட்டுநிலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாழையும் பயிரிட்டிருந்தனர். அந்தக் குடியேற்றம் கலைந்தது. பின்னர் வந்த ஒரு குடியேற்றத் தலைவர் தம் வேலையாட்களாலேயே கொல்லப்பட்டார். 1920களில் நார்வேக்காரர்கள் வந்து மீன் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். அதுவும் சில ஆண்டுகளில் முடங்கியது.

வந்தவர்கள் போய்விட்டாலும், அவர்கள் கொண்டுவந்த உயிரினங்கள் போகவில்லை. பன்றி, கழுதை, மாடு, ஆடு எல்லாம் காட்டு விலங்குகளாகிப் பெருகின. ஆரஞ்சும் எலுமிச்சையும் தாமாக வளர்ந்தன. விட்மர் குடும்பத்துக்குப் பகையாக நின்றவையும் பசி தீர்த்தவையும் இவையே.

ஏன் வந்தார்கள்?

ஹைன்ஸ் முதல் உலகப்போரில் போரிட்டவர். கொலோன் நகர மேயர் கான்ராட் அடினாவரிடம் செயலாளராக இருந்தார். (இந்த அடினாவர்தான் 1949இல் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சரானார்.) ஹைன்ஸின் முதல் மனைவிக்குப் பிறந்த மகன் ஹாரிக்கு அப்போது 12 வயது, நோயாளிச் சிறுவன், கண்பார்வை மிகக் குறைவு. பையனை நீண்ட நாள் மலைக்காற்று இல்லத்தில் வைத்திருக்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள். வேலையின்மையும் அரசியல் கொந்தளிப்பும் மிகுந்திருந்த ஜெர்மனியில், அந்தச் செலவுக்கு வழியில்லை.

அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி கலாபகஸ் பற்றி எழுதிய நூலை ஹைன்ஸ் படித்திருந்தார். பெர்லின் மருத்துவர் ஃபிரெட்ரிக் ரிட்டரும் அவருடைய துணைவி டோரே ஸ்ட்ராஹும் 1929 முதல் புளோரியானாவில் வாழ்வதைப் பற்றிச் செய்தித்தாள்களும் எழுதிக்கொண்டிருந்தன. மார்கரெட்டுக்கு வயது 28, ஐந்து மாதக் கர்ப்பிணி. தீவில் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குப் பெரிய தைரியம்.

ரிட்டரோ மருத்துவம் பார்ப்பதற்காக அங்கு போனவர் அல்லர். நீட்சேயின் தத்துவத்தில் ஊறியவர். உலகத்தைத் துறந்து நூல் எழுத வந்தவர். புறப்படும் முன்பே பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு எஃகுப் பல்வரிசை செய்துகொண்டார் என்பது பிரபலமான செய்தி. புதிதாக வந்த அண்டை வீட்டாரை அவர் விரும்பி வரவேற்கவில்லை.

குகையில் குடித்தனம்

தீவில் வற்றாத ஊற்றுகள் மிகச் சில. ஓர் ஊற்றை ஒட்டி ரிட்டர் வீடு கட்டியிருந்தார். மேட்டுநிலத்தில் 'அசிலோ தே லா பாஸ்' எனப்படும் இடத்தில் இன்னோர் ஊற்று இருந்தது. 'அமைதியின் புகலிடம்' என்று பொருள். அங்கே, கடற்கொள்ளையர் தங்கியவை என்று சொல்லப்படும் குகைகளில் விட்மர் குடும்பம் இறங்கியது. கடற்கரையிலிருந்து அந்த இடத்துக்கு முட்புதரும் எரிமலைக் கல்லும் நிறைந்த ஏற்றம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் அத்தனையையும் அந்த வழியில் மேலே ஏற்ற வேண்டியிருந்தது.

அவர்கள் வந்த பருவமும் எளிதானதல்ல. கலாபகஸில் ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் அல்ல. கடலோரம் காய்ந்து கிடக்கும். மேட்டில் மட்டும் 'கருவா' என்னும் மென்தூறல் பனிமூட்டமாக இறங்கும். விதைத்தால் முளைக்கும், ஆனால் முளைத்ததைக் காட்டுப்பன்றியும் கழுதையும் மாடும் ஒரே இரவில் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை விதைப்பு அல்ல, வேலி. ஹைன்ஸும் பார்வை குன்றிய ஹாரியும் மரம் வெட்டினார்கள், வேலி போட்டார்கள், வீடு எழுப்பினார்கள். பயிரை அழித்த பன்றியையே வேட்டையாடி இறைச்சிக்கும் கொழுப்புக்கும் பயன்படுத்தினார்கள். சமையல், துவையல், தோட்டம் எல்லாம் மார்கரெட் பொறுப்பு. நகரத்தில் அலுவலகப் பணி செய்த குடும்பம் சில மாதங்களில் உழவர் குடும்பமாக மாறியது.

1933 ஜனவரி 2ஆம் நாள் மார்கரெட் ஆண் குழந்தை பெற்றார். பேறு எளிதாக முடியவில்லை. நஞ்சுக்கொடி விழாததால் உயிருக்கே ஆபத்து வந்தது. ரிட்டரை அழைத்தார்கள், விலகி வாழ வந்த அந்த மருத்துவர் வந்து அதை அகற்றி மார்கரெட்டைக் காப்பாற்றினார். குழந்தைக்கு ரோல்ஃப் என்று பெயரிட்டனர். புளோரியானாவில் பிறந்ததாகப் பதிவான முதல் குழந்தை இவரே. ரிட்டரைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும், இந்த ஒரு நாளை மறந்துவிடக் கூடாது.

1934

1932 அக்டோபரில் தன்னைப் பிரபு குலத்தவர் என்று சொல்லிக்கொண்ட எலோயிஸ் வாக்னர் என்ற பெண், ஃபிலிப்சன், லோரன்ஸ் என்னும் இரு ஜெர்மானியருடன் வந்தார். சொகுசு விடுதி கட்டப்போவதாக அறிவித்தார். தீவுக்குத் தாமே அரசி என்றார். பிறருக்கு வந்த கடிதங்களைப் பிரித்தார், பொருள்களை எடுத்துக்கொண்டார் என்று மற்ற இரு குடும்பமும் குற்றம் சாட்டின.

1934 மார்ச் இறுதியில் வாக்னரும் ஃபிலிப்சனும் காணாமல் போனார்கள். நண்பர்களின் படகில் தாகித்தித் தீவுக்குப் போவதாக வாக்னர் தம்மிடம் வந்து சொன்னதாக மார்கரெட் எழுதினார். அப்படி ஒரு படகு வந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. அவர்களின் உடைமைகளும் தீவிலேயே கிடந்தன. ஜூலையில் லோரன்ஸ் ஒரு நார்வேக்காரரின் படகில் புறப்பட்டார். நவம்பரில் இருவர் உடலும் மார்ச்சேனாத் தீவில் கிடைத்தன. அதே நவம்பரில், மரக்கறி உணவை வலியுறுத்திவந்த ரிட்டர் கெட்டுப்போன கோழி இறைச்சியைத் தின்று இறந்தார். டோரே ஜெர்மனி திரும்பி ஒரு நூல் எழுதினார். பல ஆண்டுகள் கழித்து, 1959இல் மார்கரெட்டின் நூல் வந்தது. ரிட்டரின் கடைசி நேரத்தை டோரே அமைதியான பிரிவாகக் காட்டுகிறார்; அவர் டோரேவைச் சபித்தபடி இறந்தார் என்கிறார் மார்கரெட். வரலாறு பயில்வோர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒருவர் நீண்ட நாள் உயிரோடு இருந்தார் என்பதால் மட்டும் அவர் சொன்னது முழு உண்மை ஆகிவிடாது. கொலையா இல்லையா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

நிலைத்தது எதனால்?

ரிட்டர் தம் தத்துவத்துக்கு ஓர் இடம் தேடி வந்தார். வாக்னர் தமக்கு ஓர் அரங்கம் தேடி வந்தார். விட்மர் தம்பதியருக்கு இருந்தது நோயாளி மகனும் பிறக்கப்போகும் குழந்தையும். கொள்கை தோற்றால் ஊர் திரும்பலாம். குழந்தைக்குப் பால் வேண்டும் என்றால் வேலி கட்டியே ஆக வேண்டும். வேலையை மூவர் பகிர்ந்துகொண்டதும் பெரிய காரணம். டோரே தண்டுவட மரப்பு நோயால் காலை இழுத்து நடந்தவர். தோட்டத்தில் அவரால் எவ்வளவு செய்ய முடிந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். 1937இல் மகள் பிறந்தாள்; தீவின் பெயரையே சேர்த்து இங்கபோர்க் புளோரியானிட்டா என்று பெயர் வைத்தார்கள். எந்த ஹாரியின் உடல்நலத்துக்காகக் கடல் கடந்தார்களோ, அந்த ஹாரி 1951இல் கடலில் மூழ்கி இறந்தார். 1963இல் ஹைன்ஸ் காலமானார். மார்கரெட் தீவை விட்டுப் போகவில்லை. கடற்கரையில் குடும்பம் சிறு விடுதி நடத்தியது. ரோல்ஃப் படகுத் தொழிலில் இறங்கினார். 1959இல் கலாபகஸ் தேசியப் பூங்கா அமைந்த பின், சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினர்; மார்கரெட்டின் கையெழுத்துக்காகவும் சிலர் வந்தனர். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், 95ஆம் வயதில் அவர் அங்கேயே இறந்தார்.

இன்று புளோரியானாவில் வாழ்வோர் நூற்றைம்பது பேர் அளவில்தான். அசிலோ தே லா பாஸ் ஊற்றுக்கும் குகைகளுக்கும் பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். அருகே ஒரு பாறையில் பெரிய மனித முகம் செதுக்கப்பட்டுள்ளது. கடற்கொள்ளையர் வேலை என்று நினைத்துப் பலர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் விளையாட ஹைன்ஸ் விட்மர் செதுக்கியது அது என்று தீவில் சொல்கிறார்கள்.