தளர்ந்த திருகு

1955 கிறிஸ்துமஸுக்கு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மனைவி தன் கணவருக்கு ஷாப்ஸ்மித் என்ற மரவேலை இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தார். அந்தக் கணவர் ஏற்கெனவே கடையில் அதை ஓட்டிக் காட்டியதைப் பார்த்தவர். தயாரிப்பாளர் அச்சிட்டுத் தந்த விளக்கப் புத்தகத்தையும் படித்தவர். ஆசைப்பட்டது வீடு தேடி வந்தது. வீட்டுப் பட்டறைக்குப் பழைய ஷாப்ஸ்மித் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், விலைக்கு முன் அந்த ஒரு இயந்திரத்தின் கதையைத்தான் நான் சொல்வேன்.

ஷாப்ஸ்மித்தை உருவாக்கியவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். ஜெர்மனியை விட்டு வெளியேறி கலிபோர்னியாவில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் பின்பாதியில், மாக்னா நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மான்ட்கமரி வார்ட் கடைகள் விற்றன. யோசனை எளிமையானது. இணையாகக் கிடக்கும் இரண்டு எஃகுக் குழாய்கள். அவற்றின் மேல் நகரும் ஒரு தலைப்பகுதி. அதைச் சுழற்ற ஒரே மோட்டார். தண்டில் ரம்பத் தட்டை மாட்டினால் மரம் அறுக்கலாம். உப்புத்தாள் ஒட்டிய வட்டை மாட்டினால் தேய்க்கலாம். எதிர்முனையில் மரத்தின் மறுநுனியைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பொருத்தினால் கடைசல் பிடிக்கலாம். கிடந்தபடியே பக்கவாட்டில் துளை போடலாம். குழாய்களை அப்படியே தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் அதுவே மேலிருந்து துளையிடும் இயந்திரம். ஐந்து இயந்திரங்களின் வேலை, கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் அடங்கியது.

இதில் குறையும் உண்டு. மேசை சிறியது, அகலப் பலகையை அறுக்கும்போது இன்னொருவர் கை வேண்டும். சாய்வாக அறுக்க ரம்பம் சாயாது, மேசைதான் சாயும். அறுப்பிலிருந்து கடைசலுக்குப் போகும்போது கழற்றி மாட்ட வேண்டும். அதனால் அறுக்க வேண்டியதை எல்லாம் முதலில் அறுத்து முடிக்கும் ஒழுங்கு தானாக வந்துவிடும். இடம் குறைந்த வீட்டுக்கு இது நல்ல ஒப்பந்தம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கலிபோர்னியாக்காரர், கிரீன்மன், 1957-இல் கடைசலுக்கான பாகங்களை வாங்கிச் சேர்த்தார். பெரிய மரத்துண்டு ஒன்றைக் கடைந்து, தண்டு வைத்த கோப்பை ஒன்று செய்ய நினைத்தார். பலமுறை எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை நடந்தது. ஒரு நாள் சுழன்றுகொண்டிருந்த மரம் பிடியிலிருந்து விடுபட்டுப் பறந்து அவர் நெற்றியில் அடித்தது. பலத்த காயம்.

ஏறத்தாழப் பத்தரை மாதம் கழித்துதான் தயாரிப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். இவ்வளவு தாமதமாகச் சொன்னால் உத்தரவாதம் செல்லாது என்பது, வழக்கில் தயாரிப்பாளராக நின்ற யூபா நிறுவனத்தின் வாதம். இயந்திரத்தை வாங்கியவரோ இவர் அல்ல, மனைவி. ஆனால் வல்லுநர்கள் காட்டியது வேறு. பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் போதுமானவை அல்ல. இயல்பான அதிர்விலேயே டெயில்ஸ்டாக் பின்னால் நகர்ந்து மரத்தை விட்டுவிடும். ஜூரி 65,000 டாலர் தரச் சொன்னது.

1963-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோஜர் ட்ரேனர். வெடித்த கோகோ கோலா பாட்டில் ஒன்றைப் பற்றிய 1944 வழக்கில், குறையுள்ள பொருளுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்ற எண்ணத்தைத் தனியே எழுதிய கருத்தில் அவர் முன்வைத்திருந்தார். அப்போது அது சட்டமாகவில்லை. பத்தொன்பது ஆண்டு காத்திருந்த எண்ணம் ஷாப்ஸ்மித்தின் திருகில் வந்து நின்றது. வாங்குபவர் பிரித்துப் பார்த்துச் சோதிக்க மாட்டார் என்று தெரிந்தே சந்தைக்கு அனுப்பிய பொருளில் குறை இருந்து, அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், தயாரித்தவர் பொறுப்பு. கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் யாருடன் என்று தேடவும் வேண்டாம். இரண்டே ஆண்டில் அமெரிக்கச் சட்டக் கழகம் இந்தக் கொள்கையைத் தன் தொகுப்பில் ஏற்றது. கிரீன்மன் வழக்கைப் படிக்காமல் அங்கே சட்ட மாணவர்கள் வெளியே வருவது அரிது. வீட்டில் கோப்பை கடைய நினைத்த ஒருவரின் காயம் எத்தனை பேருக்குக் காப்பானது என்று எண்ணும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகிறேன்.

இயந்திரத்துக்கும் மறுபிறவி கிடைத்தது. நின்றுபோன உற்பத்தியை 1972-இல் ஜான் ஃபோல்கர்த் வாங்கி, ஓஹியோவின் டேட்டன் நகரில் மீண்டும் தொடங்கினார். அதனால்தான் 1950-களில் வந்த மார்க் 5 மாதிரிக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. பழையதை வாங்குகிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். விற்பவர் பெரும்பாலும் அதை ஓட்டியவராக இருக்க மாட்டார். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போனதாக இருக்கும். குழாய்களில் மேலோட்டமான துரு இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம்; குழி விழுந்திருந்தால் தலைப்பகுதி சீராக நகராது. மின்கம்பியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ரம்பத்தின் காப்பு மூடி இருக்கிறதா என்று கேளுங்கள். பழையவற்றில் முதலில் காணாமல் போவது அதுதான். மார்க் 5-இல் வேகத்தை மாற்றும் திருகியை மோட்டார் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும். நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5,200 வரை வேகம் ஏற வேண்டும். ஏறும்போது பேரிங் கரகரவென்று கத்துகிறதா என்று காது கொடுங்கள்.

கடைசியாக மோட்டாரை நிறுத்தி, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வையுங்கள். டெயில்ஸ்டாக்கை நெருக்கிப் பூட்டி, திருகுகளை இறுக்குங்கள். மரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு டெயில்ஸ்டாக்கை இரு கையாலும் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். அசையவில்லை என்றால் விலை பேசத் தொடங்கலாம்.